சிறார் நீதி அமைப்பில் சிக்கிய கறுப்பினச் சிறுமிகளின் மனக்காயம் ஆற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கைது, வழக்கு, நன்னடத்தைக் கண்காணிப்பு, தடுப்பு மையம் என்று ஏதோ ஒரு வழியில் நீதி அமைப்புக்குள் வந்து சேரும் 12 முதல் 17 வயதுக் கறுப்பினச் சிறுமிகளைப் பற்றிய பக்கம் இது. அங்கே சமூகப்பணியிலும் மனநலத்திலும் வேலை செய்யும் தமிழர்களுக்கும், இந்தத் துறையைப் படிக்கும் மாணவர்களுக்கும், தன்னார்வலராகப் போக நினைப்பவர்களுக்கும் எழுதப்பட்டது.

"நீதி அமைப்பில் சிக்கியவர்கள்" என்றால் அடைத்து வைக்கப்பட்டவர்கள் மட்டுமா?

இல்லை. பள்ளியில் நடந்த கைகலப்புக்காகப் போலீஸ் பிடித்து எச்சரித்து அனுப்பியவள், நன்னடத்தை அலுவலர் முன் வாராவாரம் ஆஜராகிறவள், கணுக்காலில் கண்காணிப்புப் பட்டையோடு வீட்டில் இருக்கிறவள், விசாரணைக்காகத் தடுப்பு மையத்தில் காத்திருக்கிறவள், தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவள் என எல்லோரும் இதில் சேர்த்தி. தடுப்பு மையம் என்பதை ஏறக்குறைய நம் ஊர்க் கூர்நோக்கு இல்லத்தோடு ஒப்பிடலாம். ஆனால் கதவு, கேமரா, கைவிலங்கு, சோதனை எல்லாம் அங்கே சிறைக்கு நெருக்கமாக இருக்கும்.

இவர்களில் கணிசமானோர் பெரிய குற்றம் எதுவும் செய்தவர்கள் அல்லர். பள்ளிக்குப் போகாதது, வீட்டை விட்டு ஓடியது, இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறித் தெருவில் இருந்தது போன்றவை பெரியவர்கள் செய்தால் குற்றமே ஆகாது. இவற்றுக்காகச் சிறாரை அடைக்கக் கூடாது என்பதை 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கான நிதியோடு சேர்த்து நிபந்தனையாக வைத்தது. 1980இல் வந்த திருத்தம் ஒரு சந்து வைத்தது: "பள்ளிக்குப் போ" என்று நீதிபதி ஆணையிட்டு, அதை அவள் மீறினால், ஆணையை மீறியதற்காக அடைக்கலாம். அப்படி அடைப்பது 7 நாளைத் தாண்டக் கூடாது என்று 2018இல்தான் வரம்பு வந்தது.

நன்னடத்தை நிபந்தனையை மீறினாள் என்பது இன்னொரு வாசல். 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின் நடுவே, மிச்சிகனில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியை நீதிமன்றம் தடுப்பு மையத்துக்கு அனுப்பியது. இணையவழிப் பாடங்களைச் செய்யாததால் நிபந்தனையை மீறிவிட்டாள் என்பது காரணம். செய்தி வெளியாகி நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலை 31 அன்று விடுவித்தது. அவள் உள்ளே இருந்தது 78 நாள்.

எல்லாச் சிறுமிகளுக்கும் காயம் காயம்தானே? கறுப்பினச் சிறுமிகளுக்கு ஏன் தனியாக ஒரு வழி?

"பிஞ்சிலே பழுத்தது" என்று நம் ஊரில் ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவளுக்கு நடப்பதற்கெல்லாம் அவளே பொறுப்பு என்று ஆகிவிடும். அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமிகள்மேல் இந்தப் பார்வை இனத்தின் பெயரால் விழுகிறது. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் ஆய்வு மையம் 2017இல் 325 பெரியவர்களிடம் கேட்டது. அதே வயது வெள்ளையினச் சிறுமிகளைவிடக் கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் ஆறுதலும் குறைவாகப் போதும், பாலியல் பற்றி அவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும் என்று பதில்கள் வந்தன. இந்தப் பார்வை 5 வயதிலேயே தொடங்குகிறது.

விளைவு பள்ளியில் தெரிகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017-18 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவியரில் கறுப்பினத்தவர் 15 சதவீதம். மாணவியர்மீது எடுக்கப்பட்ட இடைநீக்கங்களிலும் வெளியேற்றங்களிலும் ஏறக்குறைய பாதி அவர்கள் தலையில் விழுந்தது. இடைநீக்கத்தில் இருக்கும் பிள்ளை பகலில் தெருவில் நிற்கிறது. தெருவில் நிற்கும் பிள்ளை போலீஸ் கண்ணில் படுகிறது.

ஆகவே, சிகிச்சைக்கு வந்து உட்காரும் 14 வயதுப் பெண்ணுக்கு நடந்தது ஒரு சம்பவம் மட்டுமில்லை. அந்தச் சம்பவத்தைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை என்பதும் காயத்தின் ஒரு பகுதி. இதைக் கணக்கில் எடுக்காத சிகிச்சை, அவளிடம் "உன் எதிர்வினைதான் பிரச்சினை" என்று இன்னொரு முறை சொல்லிவிடுகிறது.

எந்தெந்தக் காயங்களை எதிர்பார்க்க வேண்டும்?

பாலியல் வன்முறை முதலில். வீட்டில் தொல்லை, அதிலிருந்து ஓட்டம், தெருவில் சுரண்டல், பிறகு கைது என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரையும் பணத்துக்காகப் பாலியலுக்குப் பயன்படுத்தினால் அவர் கடத்தலுக்கு ஆளானவர். வற்புறுத்தினார்களா என்று நிரூபிக்கத் தேவையில்லை. நியூயார்க் 2008இல் இத்தகைய சிறுமிகளைக் குற்றவாளிகளாக நடத்தாமல் காக்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் வேறு பெயரில் வழக்குப் போட்டு அடைப்பது நிற்கவில்லை. வீட்டை விட்டு ஓடியதாக, பொய்ப் பெயர் சொன்னதாக, போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குகள் வருகின்றன.

இரண்டாவது, இறப்பு. சுடப்பட்ட அண்ணன், வகுப்புத் தோழி, மாமன் மகன். இந்தத் துக்கத்தைப் பெரும்பாலான படிவங்கள் கேட்பதே இல்லை. இறந்தவர் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை அவள் அணிந்து வந்திருப்பாள். உள்ளே வரும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று ஆலோசகர் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, இனவெறி தரும் காயம். உளவியலாளர் ராபர்ட் கார்ட்டர் 2007இல் இதை இனம் சார்ந்த மன அழுத்தக் காயம் என்று வரையறுத்து எழுதினார். சிறுவயதுத் துயரங்களை எண்ணும் புகழ்பெற்ற 1998 ஆய்வின் கேள்விகள் வீட்டுக்குள் நடப்பவற்றையே கேட்டன. பிலடெல்பியாவில் பின்னர் செய்த ஆய்வுதான் இனப்பாகுபாடு, தெரு வன்முறை போன்றவற்றைப் பட்டியலில் சேர்த்தது. பழைய பட்டியலை மட்டும் வைத்துக் கேட்டால் பாதி விஷயம் பதிவாகாது.

"திமிர்" என்று எழுதப்படுவது உண்மையில் என்ன?

மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறுக்கு நான்கு அறிகுறிக் கூட்டங்கள் உண்டு: நினைவு வலிய வந்து தாக்குதல், தவிர்த்தல், எண்ணமும் மனநிலையும் கெடுதல், உடல் எப்போதும் எச்சரிக்கையில் இருத்தல். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர். புத்தகத்தில் இப்படிச் சுத்தமாக இருக்கும். தடுப்பு மையத்தின் பதிவேட்டில் வேறு சொற்களில் இருக்கும்.

"மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை, அலட்சியம்" என்று எழுதியிருந்தால், அவள் அந்த நேரத்தில் உறைந்துபோயிருக்கலாம். "குளிக்க மறுத்தாள்" என்றால் அங்கே குளியலறைக் கதவில் தாழ் இல்லை என்பதைப் பாருங்கள். "காரணமின்றிப் பணியாளரைத் தள்ளினாள்" என்றால் அவர் பின்பக்கமிருந்து தோளைத் தொட்டாரா என்று கேளுங்கள். "சிரித்தாள், வருத்தமே இல்லை" என்பதும் அடிக்கடி வரும். அழுதால் ஆபத்து என்ற இடத்தில் வளர்ந்த பிள்ளை சிரிக்கத்தான் கற்றிருக்கும்.

பதிவேட்டு வாசகம் அப்படியே நோய்ப்பெயராக மாறுவது வழக்கமான தவறு. எதிர்த்து நடக்கும் கோளாறு, நடத்தைக் கோளாறு என்று ஒரு முறை எழுதிவிட்டால், அந்தத் தாள் அவளுக்கு முன்பாக ஒவ்வொரு அறைக்குள்ளும் போகும். காயம் பற்றி ஒழுங்காகக் கேட்டு முடிக்கும்வரை அந்தப் பெயர்களை எழுதாமல் வைத்திருங்கள்.

முதல் சோதிப்பை எப்படிச் செய்வது?

பல மையங்களில் மேசி-2 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 12 முதல் 17 வயதினருக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 52 கேள்விகள். 10 முதல் 15 நிமிடம். இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. யாரை உடனே கவனிக்க வேண்டும் என்று காட்டும் அவ்வளவுதான்.

கருவி சரியாக இருந்தும் பதில் பிழையாவதற்குக் காரணம் நேரமும் இடமும். இரவு 11 மணிக்கு, கைவிலங்கு கழற்றிய பத்தாவது நிமிடத்தில், உடைச் சோதனை முடிந்த கையோடு, அதே சீருடைக்காரர் எதிரில் உட்கார்ந்து "தற்கொலை எண்ணம் வந்ததா" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் வரும். முதலில் சாப்பாடு, தண்ணீர், மாதவிடாய்த் துணி தேவையா என்ற கேள்வி, வீட்டுக்கு ஒரு போன். பிறகு தாள். உயிராபத்து பற்றிய கேள்விகளை மட்டும் உடனே கேட்டு, மற்றதை அடுத்த நாள் காலையில் ஒரு ஆலோசகர் கேட்கலாம். எல்லாமே "இல்லை" என்று வந்த தாளை ஒரு வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுவது என்றால் எதை மாற்றுவது?

பயிற்சித்தாளில் இருக்கும் வெள்ளைப் பிள்ளையின் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புப் பிள்ளையின் படத்தை ஒட்டுவது மாற்றம் ஆகாது. பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடுவதும் ஆகாது.

பெர்னால், போனிலா, பெலிடோ ஆகியோர் 1995இல் எட்டு இடங்களைக் குறித்தார்கள்: மொழி, ஆட்கள், உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், சூழல். கைக்கு எளிய பட்டியல் இது. ஒவ்வொன்றுக்கும் நேராக "நாம் என்ன மாற்றினோம்" என்று எழுதிப் பார்த்தால் எங்கே வெற்றிடம் என்று தெரியும். அநேகமாக எல்லாரும் மொழியிலும் உவமையிலும் நின்றுவிடுகிறார்கள். இலக்கில் கை வைப்பதில்லை. "ஊழியரிடம் பணிவாகப் பேசுவாள்" என்பதைச் சிகிச்சை இலக்காக எழுதிவிட்டு, பாட்டை மட்டும் மாற்றி என்ன பயன்? "நெஞ்சு படபடக்கும்போது அடுத்த அடியைத் தானே தேர்ந்தெடுப்பாள்" என்று எழுதினால் சிகிச்சை முழுவதும் திசை மாறும்.

மொழியைப் பொறுத்து ஒன்று. இவர்கள் வீட்டில் பேசும் கறுப்பின ஆங்கிலத்துக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அவள் எழுதிய பக்கத்தில் இலக்கணப் பிழை திருத்தாதீர்கள். அவளைப்போலப் பேச முயலவும் வேண்டாம். அது உடனே பிடிபடும்.

நிரூபிக்கப்பட்ட சிகிச்சை முறைகளை அப்படியே பயன்படுத்தக் கூடாதா?

பயன்படுத்த வேண்டும். முதுகெலும்பை வைத்துக்கொண்டு தசையை மாற்றுங்கள். கோயன், மன்னரினோ, டெப்ளிஞ்சர் உருவாக்கிய மனக்காயம் மையப்படுத்திய அறிதல்-நடத்தைச் சிகிச்சை 3 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கானது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வு. நெடுநாள், பலவகைக் காயம் உள்ளவர்களுக்கு 25 அல்லது அதற்கு மேல் போகும். மூன்று கட்டங்கள்: நிலைப்படுத்துதல், நடந்ததைச் சொல்லுதல், சேர்த்துப் பொருத்துதல். சாதாரணமாக மூன்றும் சமபங்கு. பலவகைக் காயம் என்றால் முதல் கட்டத்துக்கே பாதி நேரம் கொடுக்க வேண்டும். இதில் இன அடையாளம் சார்ந்த வளர்ப்பை, அதாவது தன் இனத்தின் பெருமையையும் பாகுபாட்டை எதிர்கொள்ளும் விதத்தையும் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பதை, இணைக்கும் வழியை ஈஷா மெட்ஸ்கரும் சக ஆய்வாளர்களும் 2021இல் விரித்து எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் மாற்றங்கள் இப்படி வரும்.

விளக்கிச் சொல்லும் பகுதியில், மூளை ஆபத்தை எப்படிக் கையாள்கிறது என்று சொல்லும்போதே, கடையில் பின்தொடரப்படுவதும் வகுப்பில் முதலில் சந்தேகிக்கப்படுவதும் அதே எச்சரிக்கை மணியை அடிக்கும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆலோசகர் முதலில் "இனவெறி" என்ற சொல்லைச் சொல்லாவிட்டால் அவளும் சொல்ல மாட்டாள்.

உடலைத் தளர்த்தும் பகுதியில் "கண்ணை மூடு, பாதுகாப்பான ஓர் இடத்தை நினை" என்று தொடங்குவது தவறு. பூட்டிய அறையில் கண்ணை மூடுவது ஆபத்து. பாதுகாப்பான இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்ற நினைவு வந்துவிட்டால் அமர்வு முடிந்தது. கண் திறந்தபடி, தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, இரு பாதத்தையும் அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். ஆறு முறை போதும். முணுமுணுத்துப் பாடுவது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெளிமூச்சு தானாக நீளும். "மூச்சை இழுத்து விடு" என்று சண்டை நேரத்தில் ஊழியர் கத்தினால் அது கட்டளை, பயிற்சி கெட்டுவிடும்.

எண்ணங்களைச் சீர்தூக்கும் பகுதியில்தான் பெரிய தவறு நடக்கிறது. "எனக்கு நடந்தது என் தப்பு" என்பது திருத்த வேண்டிய எண்ணம். "போலீஸைக் கண்டால் எனக்கு ஆபத்து வரலாம்" என்பது திருத்த வேண்டிய எண்ணம் இல்லை. அது அவள் தெருவின் அனுபவம். இரண்டாவதையும் சிதைந்த எண்ணம் என்று பட்டியலிட்டால், உண்மையைச் சொன்னதற்காக அவளை மறுபடி பொய்யாக்குகிறோம். அங்கே கேட்க வேண்டியது: "அந்த நேரத்தில் உயிரோடு வீடு சேர உனக்கு என்ன உதவும்?"

நடந்ததைச் சொல்லும் கட்டத்தில், கட்டுரைதான் எழுத வேண்டும் என்று இல்லை. ராப் வரிகள், கவிதை, காமிக் கட்டங்கள் எதுவும் ஆகும். அத்தியாயத் தலைப்புகளை அவளே வைக்கட்டும். மையத்தில் அவள் இருக்கப்போவது இன்னும் ஆறு வாரத்துக்குக் குறைவு என்றால் இந்தக் கட்டத்தைத் தொடங்காதீர்கள்.

குழு வட்டம் ஒன்றை எப்படி நடத்துவது?

6 முதல் 8 பேர், 2 வழிநடத்துநர்கள், 90 நிமிடம், வாரத்தில் அதே நாள் அதே நேரம். நாற்காலிகள் வட்டமாக, யார் முதுகும் கதவைப் பார்க்கக் கூடாது என்றால் அறையின் மூலையைப் பயன்படுத்தி வட்டத்தை ஒதுக்கிப் போடுங்கள்.

முதல் 10 நிமிடம் தின்பண்டம். இதை வெட்டாதீர்கள், பசியோடு இருக்கும் உடல் எதையும் கேட்காது. அடுத்த 15 நிமிடம், கையிலிருந்து கைக்குப் போகும் ஒரு பொருளை வைத்து ஒவ்வொருத்தியும் பேசுவாள், அல்லது "அடுத்து" என்று சொல்லித் தாண்டுவாள். தாண்டும் உரிமை உண்மையானதாக இருக்க வேண்டும்: மூன்று வாரம் தொடர்ந்து தாண்டினாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. பிறகு 15 நிமிடம் ஒரு திறன், 35 நிமிடம் அன்றைய பொருள், 15 நிமிடம் மூடுதல். மூடும் நேரத்தில் காயம் பற்றிய பேச்சு இல்லை. ஒரு பாட்டு, உடல் அசைவு, அவரவர் பெயரோடு ஒரு நல்ல சொல். மெழுகுவர்த்திக்கு அனுமதி கிடைக்காது, பேட்டரி விளக்கு கொண்டு போங்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒருத்தி தனக்கு நடந்ததை முழு விவரத்தோடு சொல்லத் தொடங்குவாள். கேட்கும் ஐந்து பேருக்கும் பழைய காயம் கிளறும். "இது முக்கியமானது, உனக்கென்றே நேரம் வைத்துக் கேட்கிறேன், இன்று சாயங்காலமே" என்று நிறுத்தி, அன்று சாயங்காலமே போக வேண்டும். இரண்டாவது, குழுவுக்கு வருவதைச் சலுகையாக்கி, ஒழுங்கு மீறினால் வெட்டிவிடுவது. மிகத் தேவைப்படும் நாளில் அவள் கதவுக்குப் பின்னால் இருப்பாள். இதை மைய நிர்வாகத்தோடு முதலிலேயே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

தலைமுடி பற்றி இவ்வளவு ஏன் பேசுகிறார்கள்?

சுருண்ட முடியில் தலைத்தோலின் எண்ணெய் நுனிவரை இறங்காது. அதனால் காய்ந்து, சிக்கி, உடையும். மையத்தில் கொடுப்பதோ மலிவான ஷாம்பூவும், பேன்சீப்பு மாதிரி நெருக்கமான பல் வைத்த சின்னச் சீப்பும். இரவில் முடியைக் காக்கும் சாட்டின் தொப்பி பல இடங்களில் தடைசெய்த பொருள். உள்ளே வரும்போது சவுரி வைத்துப் பின்னிய பின்னலை அவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அத்தை பின்னிவிட்டது அது. இரண்டு வாரம் கழித்து முடி கலைந்த கோலத்தில் நீதிபதி முன் நிறுத்துவார்கள். நீதிபதி பார்ப்பது "கவனிப்பாரற்ற, அடங்காத" பெண்ணை.

தலைமுடித் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைப் பள்ளியிலும் பணியிடத்திலும் தடைசெய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா 2019இல் முதலில் இயற்றியது. பின்னர் பல மாநிலங்கள் தொடர்ந்தன. தடுப்பு மையத்துக்குத் தேவைப்படுவது மிக எளிய பட்டியல்: சல்பேட் இல்லாத ஷாம்பூ, கெட்டியான கண்டிஷனர், ஷியா வெண்ணெய் அல்லது எண்ணெய், அகலப்பல் சீப்பு, சாட்டின் தொப்பி, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம். முடியை ஆறு எட்டுப் பாகமாகப் பிரித்து, ஈரத்தில் கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து வேர் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் கொத்தாக வரும்.

சிகிச்சையில் இதற்கு இடம் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருத்தி, "இப்போது பின்பக்கம் தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடும் கையை நெடுநாளுக்குப் பிறகு சந்திப்பது இங்கேயாக இருக்கலாம். "வேண்டாம்" என்று சொன்னால் கை நிற்கும் என்று உடல் கற்றுக்கொள்கிறது. சிக்கெடுக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாத நிலையில், அலுவலக அறையில் வராத பேச்சும் வரும்.

அவள் என்னிடம் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகுமா?

போகலாம். 1967இல் கால்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறாருக்கும் வழக்கறிஞர் உரிமையும் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமையும் உண்டு என்றது. சிகிச்சை அறையில் சொன்னதற்கு எந்த அளவு காப்பு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆகவே வழக்கு முடியும்வரை குற்றச்சாட்டு தொடர்பான நிகழ்வைச் சிகிச்சையில் தொடாதீர்கள். அவளுடைய வழக்கறிஞரிடம் பேசி, எது பதிவாகும், யார் கேட்டால் கொடுக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குறிப்பேட்டில் "அமைதிப்படுத்தும் திறன் பழகினாள்" என்ற அளவு போதும்.

குழந்தை வதை பற்றித் தெரிய வந்தால் அரசுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. இதை அவள் வாய் திறக்கும் முன் சொல்லுங்கள். சொன்ன பிறகு சொல்வது அவளைப் பொறுத்தவரை துரோகம். "யார், எங்கே என்று நீ சொன்னால் நான் தெரிவித்தாக வேண்டும். அந்தப் போனை நீ பக்கத்தில் இருக்கும்போதே பேசுவேன்" என்பது அவள் கையில் கொஞ்சம் பிடி கொடுக்கும்.

பாட்டி சிகிச்சையே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

"வீட்டு விஷயம் வீட்டோடு" என்பது கறுப்பினக் குடும்பங்களில் ஆழமாக ஊன்றியது, காரணத்தோடு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசுச் சுகாதாரத் துறை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களை மருந்து இருந்தும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. குழந்தைகள் நலத்துறை வாசலில் வந்து நின்றால் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதும் அந்தப் பாட்டி கண்ணால் பார்த்தது. அவருடைய மறுப்பை ஒத்துழையாமை என்று எழுதாதீர்கள்.

முதல் சந்திப்பில் படிவம் வேண்டாம். அவரை மிஸ் என்ற மரியாதைச் சொல்லோடு அழையுங்கள். முதற்பெயரை மட்டும் சொல்லி அழைப்பது பெரியவரை அவமதிப்பது. "இந்தப் பிள்ளையை இதுவரை எது காப்பாற்றியது?" என்று கேளுங்கள். பிரார்த்தனை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, பாடகர் குழு என்று வரும் பதில்கள் சிகிச்சைத் திட்டத்தில் அப்படியே சேர வேண்டியவை. அதே சமயம், தவறு செய்தவர் சபைக்காரராகவே இருந்திருக்கலாம். தேவாலயத்தைத் திட்டத்தில் சேர்க்கும் முன் அவளிடம் தனியாகக் கேளுங்கள். குடும்பம் யார் என்பதையும் அவளே சொல்லட்டும். பெற்ற தாயைவிட, அத்தை என்று அழைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணி நெருக்கமாக இருக்கலாம்.

ஆலோசகர் கறுப்பினப் பெண்ணாகவே இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது, குழு வட்டத்தில் இருவரில் ஒருவராவது அவசியம். ஆனால் தோல் நிறம் மட்டும் நம்பிக்கை தராது. நன்றாகப் படித்து வசதியாக வந்த கறுப்பின ஆலோசகரும் "நீ ஏன் இப்படி நடந்துகொண்டாய்" என்ற குரலில் பேச முடியும்.

தமிழரோ பிற தெற்காசியரோ என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: நம் வீடுகளில் கறுப்பு நிறத்தைப் பற்றிப் பேசும் பேச்சு நம் முகத்திலும் இருக்கும், அவள் அதைப் படிப்பாள். "நானும் கறுப்புதான், எனக்குப் புரியும்" என்று தொடங்காதீர்கள். "நான் கறுப்பினத்தவள் இல்லை. நான் பிழையாகப் புரிந்துகொண்டால் சொல்லலாம், கோபப்பட மாட்டேன்" என்று சொல்லி, அவள் சொல்லும் நாளில் உண்மையிலேயே கோபப்படாமல் இருங்கள்.

பூட்டிய கட்டடத்துக்குள் காயம் ஆறுமா?

ஓரளவுக்கு மேல் ஆறாது. கதவு மோதும் சத்தம், இரவில் முகத்தில் அடிக்கும் டார்ச், உடைச் சோதனை, தனியறை ஒவ்வொன்றும் புதுக் காயம். சிறைப் பாலியல் வன்முறைத் தடுப்புச் சட்டம் 2003இல் வந்தது. 2012இல் வந்த அதன் சிறார் விதிகள், அவசரநிலை தவிர எதிர்ப்பாலினப் பணியாளர் உடலைத் தொட்டுச் சோதிப்பதைத் தடுக்கின்றன. பூட்டிவைக்கும் சிறார் மையங்களில் விழித்திருக்கும் நேரம் 8 பேருக்கு ஒரு பணியாளர், தூங்கும் நேரம் 16 பேருக்கு ஒருவர் என்கின்றன. விதி எழுத்தில் உண்டு. எந்த இரவில் ஆள் குறைவு என்பதைப் பிள்ளைகள் நமக்கு முன்பே அறிவார்கள்.

உள்ளே வேலை செய்பவர்கள் உடனே கேட்டு வாங்கக்கூடிய சில: டார்ச்சைத் தரையை நோக்கி அடிப்பது, தொடும் முன் பெயர் சொல்லி முன்பக்கமாக வருவது, சோதனையின் ஒவ்வோர் அடியையும் செய்யும் முன் சொல்வது. செலவில்லாதவை.

வெளியே வைத்தே செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. புளோரிடாவில் பேஸ் மையங்கள் 1985இல் ஜாக்சன்வில்லில் தொடங்கி, படிப்பும் ஆலோசனையும் சேர்ந்த பகல்நேரப் பள்ளிகளாக நடக்கின்றன. ஹவாயில் மாநிலச் சிறார் சீர்திருத்த நிலையத்தில் 2022இல் ஒரு சிறுமிகூட இல்லாத நிலை வந்தது. அங்கே உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிப் பிள்ளைகள் என்றாலும், வழி ஒன்றுதான்.

மருந்து?

சிறாரின் மனக்காயக் கோளாறுக்கென்று அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்த மருந்து எதுவும் இல்லை. கூடவே உள்ள மனச்சோர்வுக்கோ கொடுங்கனவுக்கோ மருத்துவர் கொடுக்கலாம். விடுதியை அமைதியாக வைக்கத் தூக்க மருந்து கொடுப்பது சிகிச்சை ஆகாது. எந்த மருந்து, யார் சம்மதத்தில், எதற்காக என்று மூன்று கேள்வியையும் கேளுங்கள்.

பாதியில் திடீரென்று மாற்றிவிட்டால் அல்லது விடுவித்துவிட்டால்?

இது விதிவிலக்கு இல்லை, வழக்கம். வெள்ளிக்கிழமை வழக்கு, அங்கிருந்தே வீட்டுக்கோ வேறு மாவட்டத்துக்கோ போய்விடுவாள். ஆகவே ஒவ்வொரு அமர்வும் அதுவே கடைசி என்பதுபோல மூடி முடிய வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே ஒரு அட்டை தயாராகட்டும்: என்னைக் கிளறுபவை மூன்று, என்னை அமைதிப்படுத்துபவை மூன்று, கூப்பிடக்கூடிய இரண்டு பேர், தற்கொலை எண்ணமோ மனநல நெருக்கடியோ வந்தால் அழைக்க 988 என்ற எண். ஊழியர் பார்த்தாலும் பாதகமில்லாத சொற்களில் எழுத வேண்டும்.

அவள் எழுதிய நோட்டு வேறு விஷயம். அறையில் வைத்தால் சோதனையின்போது படிக்கப்படும். வழிநடத்துநர் பூட்டிய பெட்டியில் வைத்திருந்து, அவள் பெயரும் தேதியும் எழுதிய உறையில் போட்டு ஒட்டி, விடுதலையாகும் நாளில் அவள் உடைமைப் பையோடு கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நீதிமன்றத்திலிருந்தே போய்விட்டால், எங்கே அனுப்ப வேண்டும் என்று முன்பே அவளிடம் கேட்டு உறையின்மேல் எழுதியிருக்க வேண்டும். வீட்டு முகவரி எப்போதும் சரியான பதிலாக இருக்காது.